ஒரே வகுப்பு, இரண்டு நோட்டு

கற்பித்தல் பயிற்சியின் முதல் வாரத்தில் என் குறிப்பேட்டில் நான் எழுதியது இது: "இன்றைய வகுப்பு சிறப்பாக அமைந்தது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். நேர மேலாண்மையில் இன்னும் கவனம் தேவை." ஐந்து நாளும் ஏறக்குறைய இதே மூன்று வரிகள்தான். தேதியை மறைத்துவிட்டால் எது திங்கள், எது வெள்ளி என்று எனக்கே சொல்லத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடத்தினேன். பாடம் முடிந்ததும் என் வழிகாட்டி ஆசிரியை பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அரைத்தாள் கொடுத்து, "இன்னிக்கு நடந்ததுல எது குழப்பமா இருக்கு? ரெண்டு வரி எழுதுங்க" என்றார். அது அவர் வழக்கம். தாள்களைச் சேர்த்து என் கையில் தந்தார். ஒன்றில் இப்படி இருந்தது: "ஒரு டெஸ்ட்ல 2க்கு 1 எடுத்தேன். இன்னொண்ணுல 3க்கு 1 எடுத்தேன். மொத்தம் 5க்கு 2 தானே? அப்ப 1/2 + 1/3 = 2/5 ஏன் தப்பு டீச்சர்?"

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை சொல்வதில் நியாயம் இருந்தது. மதிப்பெண்ணை அப்படித்தான் கூட்டுகிறோம். நானோ வகுப்பில், "பகுதிகளைச் சமமாக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்" என்று விதியை மட்டும் நான்கு முறை சொல்லியிருந்தேன். ஏன் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. என் நோட்டில் "சிறப்பாக அமைந்தது" என்றிருந்த அதே நாற்பது நிமிடம், அந்தப் பிள்ளையின் தாளில் பதில் கிடைக்காத கேள்வியாக இருந்தது.

பயிற்சிக்குப் போகவிருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் குறிப்பேட்டை மட்டும் நம்பாதீர்கள். அதே வகுப்பைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

திங்கட்கிழமை ஒரே நீளத்தில் மூன்று காகிதப் பட்டைகளோடு போனேன். ஒன்றை இரண்டாக மடித்து ஒரு பாதியை எடுத்தோம். இன்னொன்றை மூன்றாக மடித்து ஒரு பங்கை எடுத்தோம். மூன்றாவதை முழுதாக வைத்தோம். எடுத்த இரண்டு துண்டையும் முனையோடு முனை சேர்த்து முழுப் பட்டையின் மேல் வைத்தால், ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். அதாவது 5/6. அப்புறம் கேட்டேன்: "2/5 பாதியைவிடப் பெரிசா, சின்னதா?" சின்னது என்றார்கள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிப் பாதியைவிடக் குறையும்? கேள்வி எழுதிய பிள்ளையே எழுந்து, "டெஸ்ட்ல மொத்தமும் சேர்ந்து பெரிசாகுது டீச்சர், 2 மார்க்கு பேப்பரும் 3 மார்க்கு பேப்பரும் சேர்ந்து 5 ஆகுது. பட்டையில மொத்தம் மாறல" என்றது. பின்னம் எதன் பங்கு என்பதைப் பார்க்க வேண்டும் என்று என் பாடத்திட்டத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்த வரியை அன்றுதான் சேர்த்தேன்.

இனி எழுதும் முறை பற்றி. பயிற்சி நிறுவனங்களில், நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுத கிப்ஸ் சுழற்சி என்ற முறையைக் கற்றுத் தருவார்கள். கிரகாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-இல் தந்தது. நடந்தது என்ன, என்ன உணர்ந்தேன், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன் என்று ஆறு படிகள். நல்ல முறைதான். ஆனால் தினமும் ஆறு தலைப்பையும் நிரப்ப உட்கார்ந்தால் மூன்றாம் நாளே அது படிவம் நிரப்பும் வேலை ஆகிவிடும். என் முதல் வாரத்து மூன்று வரிகள் அப்படி வந்தவைதான். வாரத்துக்கு ஒரு நிகழ்வை எடுத்து ஆறு படியிலும் முழுதாக எழுதுங்கள். மற்ற நாட்களில் நடந்ததை மட்டும் எழுதினால் போதும்.

நடந்ததை மட்டும் எழுதுவது சுலபமில்லை. "மாணவர்கள் கவனிக்கவில்லை" என்று ஒருநாள் எழுதியிருந்தேன். வழிகாட்டி ஆசிரியை அதன் பக்கத்தில் பென்சிலால், "யார்? எப்போது? அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று எழுதிக் கொடுத்தார். யோசித்து மறுபடி எழுதினேன்: "11.20 மணி. கரும்பலகையில் மூன்றாவது கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்புக்கு முதுகு காட்டி ஏறக்குறைய நான்கு நிமிடம். மூன்றாவது பெஞ்சில் நான்கு பேர் ஸ்கேலைச் சுண்டி விளையாடினார்கள். அவர்கள் முதல் இரண்டு கணக்கையும் முடித்திருந்தார்கள்." முதல் வரியில் தப்பு பிள்ளைகள் மேல் இருந்தது. இரண்டாவதை எழுதி முடித்தபோது அடுத்த நாள் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருந்தது: முடித்தவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும், கணக்கை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போக வேண்டும்.

எழுதும் நேரமும் முக்கியம். வகுப்பு முடிந்த கையோடு, ஆசிரியர் அறைக்குப் போய்ப் பேச்சில் கலப்பதற்கு முன் பத்து நிமிடம். இரவில் எழுதினால் நடந்தது மங்கி, நம் மனத்துக்குப் பிடித்த மாதிரி மாறிவிடுகிறது. பிள்ளைகள் சொன்ன வாக்கியத்தை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். அதைத் திருத்தமான தமிழுக்கு மாற்றினால் அவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்பது அழிந்துவிடும்.

டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1983-இல் இரண்டு வகைச் சிந்தனையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று வேலை நடக்கும்போதே யோசித்து அதை மாற்றிக்கொள்வது, மற்றது முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது. பயிற்சி ஆசிரியருக்கு முதலாவது உடனே கைவராது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதிலேயே மனம் நின்றுவிடும். நோட்டில் திரும்பிப் பார்த்துப் பார்த்துத்தான் அது வரும். எனக்கு அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன்.

"டீச்சர் கேள்வி கேட்டுட்டு அவங்களே சொல்லிடறாங்க." இது ஒரு மாணவியின் தாளில் இருந்த வரி. நான் நம்பவில்லை. வழிகாட்டி ஆசிரியையிடம் கேட்டு அனுமதி வாங்கி, என் குரலை மட்டும் போனில் ஒரு வகுப்பு முழுக்கப் பதிவு செய்தேன். வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். கேள்விக்கும் என் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு விநாடி. சில இடங்களில் அதுவும் இல்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுக் கண்டதும் இதையேதான்: ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருப்பது சுமார் 1 விநாடி. அதை 3 விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதேபோல் காத்திருக்க வேண்டும் என்கிறார் அவர். அதை நாம் அடியோடு மறந்துவிடுகிறோம்.

படித்தால் சின்ன விஷயமாகத் தெரியும். நின்று பார்த்தால்தான் தெரியும், மூன்று விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று. முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு கட்டைவிரலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். இரண்டு வாரம் அப்படி எண்ணினேன். பிறகு எண்ணாமலே நிற்க வந்தது. "இப்பதான் யோசிக்க டைம் இருக்கு" என்று அதே மாணவி எழுதிய தாளை என் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளை எழுத வைப்பது பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரைத்தாள் நல்ல தொடக்கம். ஆனால் அது தொலைந்துபோகும். மூன்றாம் வாரத்தில் ஆளுக்கொரு மெல்லிய நோட்டாக மாற்றினோம். வாரத்துக்கு இரண்டு நாள், ஐந்து நிமிடம், இரண்டே கேள்வி: இன்று எதைப் புதிதாகப் புரிந்துகொண்டாய்? எங்கே தடுக்கியது? "பாடம் பிடித்திருந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் பிடித்திருந்தது என்றே எழுதுவார்கள், நம்மை வருத்தப்படுத்த அவர்களுக்கு மனம் வராது. பேச்சு வழக்கில் எழுதட்டும், படம் போடட்டும். இந்த நோட்டில் எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த முறை தெரிந்த சொற்களை மட்டும் வைத்து ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

மதிப்பெண்ணும் வேண்டாம். நான் முதலில் சிவப்பு மையில் "நன்று" என்று எழுதி நட்சத்திரம் போட்டேன். பிள்ளைகள் நட்சத்திரத்தை எண்ணினார்கள், நான் எழுதியதைப் படிக்கவில்லை. ரூத் பட்லர் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. கருத்து மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மதிப்பெண் வந்தவுடன் கருத்து கண்ணில் படுவதில்லை. அதன்பின் ஒவ்வொரு நோட்டிலும் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பி எழுதினேன். "0.35, 0.7-ஐவிடப் பெருசு" என்று எழுதியிருந்த பையனுக்கு, "0.7-ஐ 0.70 என்று எழுதினால் மதிப்பு மாறுமா?" என்று மட்டும். அடுத்த வாரம் அவனே அடித்துவிட்டு மாற்றியிருந்தான். 35, 7-ஐவிடப் பெரிது என்ற பழக்கம்தான் அவனை அப்படி எழுத வைத்தது என்பதையும் அவனே கீழே எழுதியிருந்தான்.

38 நோட்டுக்கும் பதில் எழுத முடியுமா என்று கேட்பீர்கள். ஒரே நாளில் முடியாது. நான் ஒரு முறைக்குப் பத்து நோட்டுதான் எடுத்தேன். மற்றவற்றைப் படிக்க மட்டும் செய்தேன். யாருடையது எப்போது வரும் என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

ஒரு பையன் இரண்டு வாரம் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் வாரம் கரும்பலகையை வரைந்து, அதன் இடப்பக்கத்தை முழுக்கக் கோடு போட்டு நிரப்பியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டால், "அந்தப் பக்கம் வெளிச்சம் அடிக்குது, அங்க எழுதறது எனக்குத் தெரியாது" என்றான். அவன் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் வெயில் பட்டுப் பலகையின் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாக மின்னியது. கணக்கின் முதல் வரியை நான் தினமும் அங்கேதான் எழுதியிருக்கிறேன். ஸ்டீபன் புரூக்ஃபீல்டு என்ற கல்வியாளர், ஆசிரியர் தன் வேலையை நான்கு கோணத்தில் பார்க்க வேண்டும் என்று 1995-இல் எழுதினார்: சொந்த அனுபவம், மாணவர் பார்வை, சக ஆசிரியர், படித்த கோட்பாடு. மாணவர் பார்வை என்பதை அதுவரை பெரிய தத்துவமாக நினைத்திருந்தேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

சில எச்சரிக்கைகள், சுருக்கமாக. உங்கள் குறிப்பேட்டில் பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள். அது தேர்வாளர் கைக்கும் போகும். ஒரு பிள்ளை எழுதியதை அனுமதியில்லாமல் வகுப்பில் வாசிக்காதீர்கள், பெயர் சொல்லாவிட்டாலும் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டிலோ வெளியிலோ தனக்கு நடக்கும் துன்பத்தை யாராவது எழுதியிருந்தால் அன்றே வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

செய்முறைத் தேர்வில் என் பாடத்திட்ட நோட்டையும் கற்பித்தல் கருவிகளையும் தேர்வாளர் வேகமாகப் புரட்டினார். குறிப்பேட்டை எடுத்தவர் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, "இதனால் நீங்கள் மாற்றிய ஒரு பாடத்தைக் காட்டுங்கள்" என்றார். பின்னக் கூட்டலின் பழைய திட்டத்தையும் புதிய திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அடுத்து, "மாற்றியபின் எல்லோருக்கும் புரிந்ததா?" என்றார். இல்லை, 38 பேரில் ஆறு பேர் அடுத்த தேர்விலும் பகுதிகளையே கூட்டினார்கள் என்று சொல்லி, அந்த ஆறு பேருக்கு என்ன செய்தேன் என்ற பக்கத்தைக் காட்டினேன். அங்கேதான் அவர் அதிக நேரம் நின்றார். ஆகவே குறிப்பேட்டைத் தேர்வுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து அழகாகப் பிரதியெடுக்க வேண்டாம். அடித்தல் திருத்தலோடு, ஒட்டிய தாள்களோடு அப்படியே கொடுங்கள்.

பயிற்சி முடிந்த நாளில் நோட்டுகளைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேருடைய நோட்டில் கடைசிவரை "ஒன்றும் இல்லை" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. கேள்வியை மாற்றிப் பார்த்தேன், படம் வரையச் சொன்னேன், தனியாக உட்கார்ந்து பேசியும் பார்த்தேன். யார் அந்த இரண்டு பேர், என்னென்ன செய்து பார்த்தேன் என்பதை ஒரு தாளில் எழுதி வழிகாட்டி ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். "நான் பாத்துக்கறேன், நீங்க அடுத்த மாசம் ஒரு எட்டு வந்து கேளுங்க" என்றார். அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.