996 நிமிடம்

பொருளாதார மேம்பாட்டில் முதுகலை சேர்ந்தபோது என் முதல் சிக்கல், என்ன படிக்கிறேன் என்று வீட்டில் சொல்வதுதான். 'பொருளாதார வளர்ச்சி' என்றால் ஜிடிபி, பங்குச் சந்தை என்று எடுத்துக்கொண்டு எந்தப் பங்கு வாங்கலாம் என்றார்கள். 'மேம்பாடு' என்றால் ஏதோ அரசுத் திட்டத்தில் வேலைக்குப் போகிறேன் என்று நினைத்தார்கள். குழப்பம் அவர்களுடையது மட்டுமல்ல. நாம் வளர்ச்சி விகிதம் என்கிறோம், வளர்ந்த நாடு என்றும் சொல்கிறோம். சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு. ஒரு நாட்டின் உற்பத்தி ஏறுவது வேறு, அங்கே பிறக்கும் குழந்தை பிழைத்து, படித்து, விரும்பியபடி வாழ்வது வேறு. 1990-ல் மனித வளர்ச்சிக் குறியீடு வந்ததே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான்.

முதல் செமஸ்டர் முழுக்கக் கோட்பாடு. பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸின் 1954 கட்டுரை எனக்கு உடனே பிடித்துப்போனது. நிலத்தில் தேவைக்கு மேல் ஆள் இருக்கிறது, தொழிற்சாலை அவர்களை இழுத்துக்கொள்கிறது, ஆள் மிச்சமிருக்கும்வரை கூலி ஏறாது. கதைபோல் படித்துவிடலாம். இன்னொரு அறிஞர் ராபர்ட் சோலோ அப்படி விடவில்லை. சேமிப்பைக் கூட்டினால் வருமானத்தின் மட்டம் உயரும், ஆனால் நீண்டகால வளர்ச்சி வேகம் மாறாது என்கிறது 1956-ல் அவர் வெளியிட்ட வளர்ச்சி மாடல். இதைச் சமன்பாட்டில் சரிபார்க்க முடிந்தது, மனசு ஏற்கவில்லை. கடைசியில் அந்த மாடலின் வரைபடத்தைத் தினமும் ஒரு முறை பார்க்காமல் கையால் போட்டேன். மூன்றாவது வாரம் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பென்சில் நின்றபோது, அட, இவ்வளவுதானா என்று இருந்தது. கணக்கு வராதவர்களுக்கு நான் சொல்லும் ஒரே உபாயம் இதுதான்.

இரண்டாவது செமஸ்டரில் அளவீடு பற்றி ஒரு பாடம். தூங்கி வழியலாம் என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே கேட்ட கதை இது: 2010 நவம்பரில் கானா தன் ஜிடிபி கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் ஆண்டை, மாற்றியது. பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் பெரிதாகிவிட்டது, நாடு நடுத்தர வருமானப் பட்டியலுக்கு ஏறியது. அன்றிரவு அங்கே யாருடைய சம்பளமும் ஒரு காசு கூடவில்லை. பழைய கணக்கில் வராமல் இருந்த தொழில்கள் புதிய கணக்கில் வந்தன, அவ்வளவுதான். உலக வங்கியின் வறுமைக் கோடும் இப்படித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. நாளொன்றுக்கு 1.90 டாலர், 2022-ல் 2.15, 2025-ல் 3 டாலர். நாடுகளின் விலைவாசியை ஒப்பிடும் வாங்கும் திறன் கணக்கு புதுப்பிக்கப்படும்போது கோடும் புதிதாகிறது. அதுவரை அட்டவணையில் இருந்தால் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் பாடம், அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, தானாக விழுந்ததா என்று ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பழமொழியை அறிந்தவனுக்கும் தேர்வு கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஆய்வேடு. 'சில நாடுகள் ஏன் ஏழையாகவே இருக்கின்றன' என்று தலைப்பு எழுதிக்கொண்டு போனேன். வழிகாட்டி சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். "இது வாழ்நாளுக்கு ஆகும், உங்களிடம் ஏழு மாதம்தான் இருக்கிறது" என்றார். நான்கு முறை திருப்பி அனுப்பினார். கண்டம் நாடானது, நாடு ஒரு சர்வே ஆனது, கடைசியில் கேள்வி இப்படி நின்றது: தண்ணீர் எடுத்துவர ஆகும் நேரம், பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைக் குறைக்கிறதா?

டிஎச்எஸ் (மக்கள்தொகை, சுகாதார சர்வே) என்று ஒரு குடும்ப சர்வே உண்டு. 1984-ல் தொடங்கி 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்தது. எதற்காகக் கேட்கிறோம் என்று எழுதி விண்ணப்பித்தால் அப்போது மாணவர்களுக்குத் தரவை இலவசமாகத் தந்தார்கள். தண்ணீர் எடுத்துவர எத்தனை நிமிடம் என்ற கேள்வியும் அதில் உண்டு. வேறென்ன வேண்டும்? ஒன்று கூடினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் ரிக்ரெஷன் கணக்கை ஒரே ராத்திரியில் ஓட்டினேன்.

முடிவு தலைகீழாக வந்தது. தண்ணீருக்கு நேரம் ஆக ஆக, பெண் பிள்ளைகள் அதிகமாகப் பள்ளிக்குப் போகிறார்கள்! நட்சத்திரக் குறிகள் மூன்று, அதாவது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அர்த்தம். தப்பு இருக்கும் என்று தோன்றவேண்டாமா? தோன்றவில்லை. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்ட மிதப்பில், அது ஏன் அப்படி என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். தண்ணீருக்குப் போகும் வழியில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிப் படிப்பில் ஆர்வம் கொள்கிறார்களாம். அந்தப் பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

வழிகாட்டி விளக்கத்தைப் படிக்கவே இல்லை. "நிமிடங்களின் பரவலைக் காட்டுங்கள்" என்றார். பாதிப்பேர் அரை மணிக்குள். அப்புறம் வெகுதூரம் வெறுமை. வலது கோடியில், 996-ல், பெரிய தூண் மாதிரி ஒரு கூட்டம். பதினாறரை மணி நேரம் நடந்து தண்ணீர் எடுப்பவர்களா? சர்வே கையேட்டைத் திறந்தால், 996 என்பது நிமிடமே இல்லை. தண்ணீர் வீட்டு வளாகத்திலேயே இருக்கிறது என்பதற்கான குறியீடு. 998 என்றால் தெரியாது. வீட்டில் குழாய் வைத்திருக்கும் வசதியான குடும்பங்களை எல்லாம் உலகத்திலேயே அதிக தூரம் நடப்பவர்களாக்கி வைத்திருந்தேன்.

996-ஐப் பூஜ்யமாக்கி, 998-ஐ நீக்கியதும் குறி திரும்பியது. நேரம் கூடினால் பள்ளி வருகை குறைகிறது. சந்தோஷப்படுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. குழாய் இருக்கும் பகுதியில்தானே பள்ளியும் சாலையும் இருக்கும்? ஒரே சர்வே கொத்துக்குள், அதாவது ஒரே ஊர் அல்லது பகுதிக்குள், இருக்கும் வீடுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, விளைவில் பாதிக்கு மேல் கரைந்துபோனது. மிச்சம் இருந்தது சிறியது, ஆனால் நின்றது. அதைச் சிறியது என்றே எழுத வழிகாட்டி சொன்னார். எனக்குத்தான் 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லை விட மனமில்லை. மூன்று வரைவுகளில் அவர் அடிக்க, நான் திரும்பச் சேர்க்க, கடைசியில் அவரே ஜெயித்தார்.

வாய்வா, அதாவது வாய்மொழித் தேர்வு, நாற்பது நிமிடம். தேர்வாளர்களில் ஒருவர், குழாய் வீட்டுக்கு வந்துவிட்டால் மிச்சமாகும் நேரத்தில் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று கேட்டார். படிப்பாள் என்று சொல்ல வாய் வந்தது. டேட்டாவில் அது இல்லை, வேறு வீட்டு வேலையும் வரலாம் என்றேன். தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். தேர்ச்சி, ஒரே ஒரு திருத்தத்துடன்: நான்காம் அட்டவணையின் அடிக்குறிப்பில், 996 என்ற குறியீட்டை எப்படிக் கையாண்டேன் என்று எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டிருந்தேன்.