இரண்டடித் தொட்டி நாட்குறிப்பு: மார்ச் முதல் ஜூன் வரை

மார்ச் 3

சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரில் ஆசையாக வாங்கிய மீன்தொட்டி சில மாதத்தில் காலியாகி மொட்டைமாடிக்குப் போய்விடுகிறது. மீன் அலுத்துப்போய் அல்ல, தண்ணீர் மாற்றும் வேலை அலுத்துப்போய்த்தான். ஒரு வாரம் தள்ளிப்போடுகிறோம், மறு வாரம் கண்ணாடியில் பாசி. பாசியைப் பார்க்கும்போதே வேலை இரட்டிப்பாகத் தெரிகிறது, மூன்றாம் வாரமும் தள்ளிப்போகிறது. அதனால் ஆர்வத்தைக் காப்பாற்ற முதல் வழி, அந்த வேலையை இருபது நிமிடத்துக்குள் அடக்குவது.

2×1×1 அடித் தொட்டியின் முழுக் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். வாரம் கால் பங்கு என்றால் 11, 12 லிட்டர்தான், ஒரே வாளி போதும். தொட்டியை பால்கனிப் பக்கம் வைத்தால் சைஃபன் குழாயை (தண்ணீரை உறிஞ்சி இறக்கும் குழாய்) நேரே செடித்தொட்டிகளுக்குள் விடலாம், அழுக்குத் தண்ணீரைச் சுமக்க வேண்டாம். புதுத் தண்ணீருக்கென்று ஒரு வாளியைத் தனியாக ஒதுக்க வேண்டும். சோப்பு பட்ட வாளி கூடவே கூடாது.

மார்ச் 10

குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் தீர்ந்ததும் அடுத்த பாட்டில் வாங்கும்வரை தண்ணீர் மாற்றுவது நின்றுபோகும். அதைத் தவிர்க்க வீட்டிலேயே கரைத்து வைக்கலாம். 100 கிராம் ஹைப்போவை (சோடியம் தயோசல்ஃபேட்) 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மூடி, இருட்டில் வைக்கவும். 20 லிட்டர் மெட்ரோ தண்ணீருக்கு (குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீர்) 2 மில்லி. குளோரின் போடாத போர் தண்ணீருக்கு இது தேவையில்லை.

மார்ச் 19

எந்த மீன் என்பதைத் தண்ணீரிடம் கேட்க வேண்டும். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1000-ஐத் தாண்டும். அதில் மென்னீர் மீன்களான நியானையும் டிஸ்கஸையும் விட்டுச் சாகக் கொடுப்பதைவிட மனதை உடைப்பது வேறில்லை. கப்பியும் மோலியும் கடின நீரை விரும்புபவை, இந்த ஊரில் ஹீட்டரும் கேட்காது. "கப்பிதானே" என்று ஒதுக்குபவர்கள், ஒரு நிறத்தை நாலு தலைமுறைக்குக் கலப்பில்லாமல் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அத்தனை நுணுக்கமான வேலை அது.

மார்ச் 27

விளக்கு. காலையில் போட்டு மாலையில் அணைத்தால், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பாசிதான் வளரும். டைமரை மாலை 5.30 முதல் இரவு 11 வரை வைக்கவும். வேலை முடிந்து வந்து உட்காரும்போது தொட்டி வெளிச்சமாக இருக்கும், மீனும் துடிப்பாக இருக்கும். பார்க்காத தொட்டியின் மேல் யாருக்கும் ஆர்வம் நிலைக்காது. மீன் ஒதுங்குகிறதா, துடுப்பை ஒடுக்குகிறதா என்பதும் முன்கூட்டியே கண்ணில் படும்.

ஏப்ரல் 6

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குமிழி குறைந்திருக்கிறது. ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறது, அல்லது காற்றைக் குமிழியாக்கும் ஏர் ஸ்டோன். தொட்டியிலிருந்து எடுத்த அதே தண்ணீரில் ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும். குழாய்த் தண்ணீரில் அலசினால், மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவைக் குளோரின் கொன்றுவிடலாம். அப்படியானால் இரண்டு மூன்று நாளில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கலாம். அன்று பலரும் கடைக்குப் போய் மருந்து வாங்குகிறார்கள். தேவைப்படுவது மருந்தல்ல: தண்ணீர் மாற்றம், அம்மோனியா சோதனை, சில நாள் தீனி நிறுத்தம்.

ஏப்ரல் 21

ஓடுகிற தொட்டியில் புதிதாக எதுவும் நடக்காத நாட்கள்தான் ஆபத்தானவை. அப்போதுதான் கை இரண்டாவது தொட்டியைத் தேடும், வேலையும் இரட்டிப்பாகும். அதற்குப் பதில் இதே தொட்டிக் கப்பியில் ஒரு ஜோடியைத் தேர்ந்து குஞ்சு எடுக்கலாம். சினைக்காலம் சுமார் நாலு வாரம். பெண் மீனின் வயிற்றோரக் கரும்புள்ளி பெரிதாகி, வயிறு பெட்டி போலச் சதுரமானால் ஓரிரு நாளில் குட்டி போடும். அதை ஜாவா பாசி (குட்டிகள் ஒளிய உதவும் நீர்ச்செடி) நிறைந்த 10 லிட்டர் டப்பாவுக்கு மாற்றி, குட்டி போட்டதும் திரும்ப எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தாயே தின்றுவிடும்.

குட்டிக்குத் தூள் தீனியைவிட ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் வகை) பல மடங்கு மேல். அடியை வெட்டிக் கவிழ்த்த பிளாஸ்டிக் பாட்டிலில் 1 லிட்டர் தண்ணீர், 25 முதல் 30 கிராம் அயோடின் சேர்க்காத கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து வேகமான காற்று. இந்த வெயிலில் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அடியில் சேரும். அடியிலிருந்து மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்கவும். ஓடு கலந்தால் குட்டியின் குடல் அடைபடலாம். பொரித்த அன்றே தீர்ப்பது நல்லது, நேரம் ஆக ஆக அதன் சத்து குறைகிறது.

மே 5

அக்னி நட்சத்திரம். தண்ணீர் 32 டிகிரி. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் இப்போது 7.3தான் கரையும். மீனுக்கோ தேவை கூடுகிறது. மூடியை எடுத்து வலை போடவும், நீர்மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்கவும், மின்விசிறியை நீர்ப்பரப்பில் படும்படி திருப்பவும். தீனி பாதி. வற்றிய அளவை போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், அதை மட்டும் ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டவும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அவசியம். கோடை முழுவதும் இதற்குமேல் எதையும் தொட வேண்டாம், புது மீன் வாங்குவதையும் ஜூனுக்குத் தள்ளுங்கள்.

மே 14

மூன்று வாரக் குட்டிகளை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பிரிக்க வேண்டிய நேரம். வயிற்றோரம் கருநிழல் தெரிந்தால் பெண், அடித்துடுப்பு குச்சியாகக் கூராகத் தொடங்கினால் ஆண். ஒரு வாரம் தாமதித்தாலும் கலப்பு நடந்துவிடலாம். பெண் கப்பி விந்தைப் பல மாதம் உள்ளே சேமித்து வைக்கும் என்பதால், அதன்பின் பிறக்கும் குட்டிக்கு எந்த ஆண் தகப்பன் என்று சொல்ல முடியாது. ஒரு நோட்டில் பிறந்த தேதி, பெற்றோர், வால் நிறம் மட்டும் குறியுங்கள். அடுத்த தலைமுறை என்ன நிறத்தில் வரும் என்ற எதிர்பார்ப்பு எந்த விலையுயர்ந்த ஃபில்டரும் தராதது.

ஜூன் 8

ஆண்களில் நிறம் நிலைத்துவிட்டது. வளைந்த முதுகு, கிழிந்த வால் உள்ளவற்றை இனப்பெருக்கத்துக்கு எடுக்கக் கூடாது, தனியாக வளர்க்கலாம். நல்ல ஆண் இரண்டு, பெண் நான்கு மட்டும் தொட்டியில். மிச்சத்தை ஏரியிலோ குளத்திலோ விடவே கூடாது, கப்பி நம் நீர்நிலைகளுக்கு அந்நிய மீன். தெரிந்த வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கலாம். பக்கத்து மீன் கடைகளிலும் தீனிக்கு ஈடாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.