கல்லு மேல தாண்டுற இடத்துல இருந்து உப்புத் தண்ணி வரைக்கும்: மிசிசிப்பில 79 நாள்

மிசிசிப்பி ஆரம்பிக்கிற இடத்துல அதை நடந்தே தாண்டிடலாம். மினசோட்டால இட்டாஸ்கா ஏரியோட ஒரு ஓரத்துல வரிசையா கல்லு கிடக்கும், அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் ஆறு, அவ்ளோதான். ஜூன் 3 காலைல நாங்க கேனோ படகை இறக்கினப்போ ஒரு மூணு வயசுக் குழந்தை அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அதைத் தாண்டிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஒரு மரத்தூண்ல, கடல்மட்டத்துக்கு மேல 1,475 அடில ஆரம்பிச்சு 2,552 மைல் ஓடி மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகுதுன்னு செதுக்கி வச்சிருக்காங்க. இப்போ அளக்கறவங்க 2,340 மைல் பக்கம்னு சொல்றாங்க, நம்ம கணக்குக்கு 3,770 கிலோமீட்டர் வச்சுக்கலாம். ஆறு தானா சில வளைவை வெட்டிக்கும், மனுஷங்களும் நிறைய வெட்டி நேராக்கிட்டாங்க, அதனால இந்த ஆத்தோட நீளத்தை ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க.

பேரு அங்கத்திய பூர்வகுடி ஓஜிப்வே மக்களோடது, அவங்க பாஷைல மிசி-சீபின்னா பெரிய ஆறு. 1832ல ஸ்கூல்கிராஃப்ட்ங்கிறவரை இந்த ஏரிக்குக் கூட்டிட்டு வந்தது ஓசாவிந்திப்னு ஒரு ஓஜிப்வே தலைவர். வழி காட்டினது அவர், பேரு வச்சது வந்தவரு, ரெண்டு லத்தீன் வார்த்தையை நடுவுல நறுக்கி ஒட்டி இட்டாஸ்கான்னு ஆக்கிட்டாரு. அதுக்கு முன்னாடியே அந்த ஏரிக்கு எல்க் ஏரின்னு அர்த்தம் வர்ற மாதிரி அவங்க பாஷைல ஒரு பேரு இருந்துச்சு. எனக்கு அந்தப் பழைய பேருதான் பிடிச்சிருக்கு.

நான் பிறந்தது மயிலாடுதுறை. துலாக்கட்டத்துப் படில உக்காந்து வளர்ந்தவன். எங்க ஊர்ல ஆறுங்கிறது தேதியோட வர்ற விஷயம், மேட்டூர் திறந்தாச்சா, கல்லணை வந்தாச்சா, நம்ம ஊருக்கு என்னிக்கு வரும், இதுதான் பேச்சே. வருஷம் பூரா தண்ணி ஓடற ஒரு ஆத்தை தலைல இருந்து கால் வரைக்கும் பாக்கணும்னு ஒரு ஆசை, மினியாபோலிஸ்ல வேலைக்கு வந்த நாள்ல இருந்து அந்த ஆசை உள்ள கிடந்துச்சு. காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் கூட வரேன்னான், ரெண்டு பேரும் சம்பளமில்லாத லீவு போட்டோம், 17 அடி கேனோ ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம், அரிசி, துவரம்பருப்பு, ரசப்பொடி, ஒரு சின்ன குக்கர், கிளம்பிட்டோம்.

கடலுக்குப் போற ஆறு முதல்ல வடக்க பாத்துதான் போகும். இட்டாஸ்கால இருந்து பெமிட்ஜி வரைக்கும் ஆறுன்னு சொல்றதுக்கே யோசிக்கணும், கோரைப்புல்லுக்கு நடுவுல நாலஞ்சு வாய்க்கா பிரியும், எது ஆறுன்னு தெரியாது. தண்ணிக்குள்ள இருக்கற புல்லு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு, அதுதான் வழின்னு கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பெரியவர் சொல்லிருந்தாரு, அது மட்டும் இல்லேன்னா நாங்க அந்த சேத்துலயே சுத்திட்டு இருந்திருப்போம். பீவர்ங்கிற விலங்கு கட்டின அணைங்க வேற, ஒரே நாள்ல 11 எண்ணினோம், ஒவ்வொண்ணுக்கும் இறங்கி சாமானோட படகை இழுத்து அந்தப் பக்கம் போடணும். கொசு பத்தி சொல்லி மாளாது, சாப்பாட்டை வலைக்குள்ள உக்காந்துதான் சாப்பிட்டோம். ஆனா ராத்திரி லூன்னு ஒரு பறவை ஏரி மேல கூவும் பாருங்க, சின்ன வயசுல தூரத்துல ரயில் போற சத்தம் கேட்டுட்டு படுத்திருப்போமே, எனக்கு அந்த மாதிரி இருந்துச்சு.

அடுத்து பெரிய ஏரிங்க, பெமிட்ஜி, காஸ், வின்னிபிகோஷிஷ். ஆறு இந்த ஏரிங்களுக்குள்ள ஒரு பக்கம் நுழைஞ்சு இன்னொரு பக்கம் வெளிய வரும். வின்னில நடுவுல குறுக்க போகாதீங்க, கரையை ஒட்டியே போங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, கேட்டுக்கிட்டோம். அப்படியும் பதினோரு மணிக்கு மேல காத்து கிளம்பி அலை படகு விளிம்பைத் தாண்டி உள்ள வந்துச்சு, ஒருத்தன் துடுப்பு போட ஒருத்தன் தண்ணி இறைக்க ரெண்டு மணி நேரம், கரை கைக்கெட்டுற தூரத்துல இருந்தும் பயமாதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் காலைல நாலு மணிக்கே கிளம்பற பழக்கம் வந்துருச்சு, கடைசி வரைக்கும் அதை விடல.

லீச் லேக் பகுதி ஓஜிப்வே மக்கள் இந்தத் தண்ணில மனோமின்னு ஒரு காட்டரிசி எடுப்பாங்க. ஆகஸ்ட் கடைசில ஒருத்தர் கம்பு ஊனி கேனோவைத் தள்ள, இன்னொருத்தர் ரெண்டு குச்சியால கதிரை வளைச்சுத் தட்டுவாங்க, பாதி படகுல விழும், மீதி தண்ணில விழுந்து அடுத்த வருஷத்துக்கு விதையாயிடும். நாங்க போனப்போ ஜூன், பயிர் அப்பதான் இலையை தண்ணி மேல பாய் விரிச்ச மாதிரி மிதக்க விட்டிருந்துச்சு. அந்த நேரத்துல வேர் பிடிப்பு ரொம்ப லேசு, அதனால அது மேல படகு விடாம சுத்திப் போனோம். டெல்டாக்காரன் நடவு வயல்ல கால் வைப்பானா? ஜூன் 12 அன்னிக்கு அங்கதான் டென்ட் போட்டிருந்தோம், ராத்திரி பூரா மேட்டூர் பத்திதான் பேச்சு.

கிராண்ட் ராபிட்ஸ் தாண்டி மினியாபோலிஸ் வரைக்கும் இருக்கற நாள்களை வேகமா சொல்லிடறேன், அணை, போர்ட்டேஜ், அணை, போர்ட்டேஜ். போர்ட்டேஜ்னா படகையும் சாமானையும் தலைல தூக்கிட்டு அணையைச் சுத்தி நடக்கறது. தோள்பட்டை ரெண்டும் கன்னிப்போச்சு.

மினியாபோலிஸ்ல செயின்ட் அந்தோணி அருவி இருக்கு, லாக்னா கதவு வச்ச தொட்டி, தண்ணியை ஏத்தி இறக்கி படகை அணை தாண்ட வைக்கும், அங்க இருந்த மேல் லாக்கை கார்ப் மீன் மேல ஏறிடக்கூடாதுன்னு 2015ல மூடிட்டாங்க, அதனால அதையும் நடந்துதான் தாண்டணும். அதுக்குக் கீழதான் லாக் வரிசை ஆரம்பம், செயின்ட் லூயிஸ் வரைக்கும் 28. பெரும்பாலும் 1930கள்ல கட்டினது, பார்ஜ்ங்கிற தட்டையான சரக்குப் படகு போறதுக்கு 9 அடி ஆழம் வேணும்னு ஆத்தை படிப்படியா தேக்கி வச்சுட்டாங்க. லாக் சுவத்துல ஒரு கயிறு தொங்கும், அதை இழுத்தா மேல சத்தம் கேட்கும், கதவு திறக்கும், நம்ம சின்ன கேனோ உள்ள போகும், கயிறைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா தண்ணி குளியல் தொட்டி மாதிரி மெதுவா இறங்கும். காசு கிடையாது. கியோகுக்ல இருக்கற 19ஆம் நம்பர் லாக் 38 அடி இறக்குச்சு, கீழ போனப்பறம் அண்ணாந்து பாத்தா கிணத்துக்குள்ள இருக்கற மாதிரி இருந்துச்சு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், பார்ஜ் வந்தா அதுக்குத்தான் முதல் உரிமை. மூணுக்கு அஞ்சுன்னு 15 பார்ஜ் கட்டி ஒரே டோபோட் தள்ளிட்டு வரும், நீளம் கிட்டத்தட்ட 1,200 அடி. பெரும்பாலான லாக் அதுல பாதிதான் நீளம், அதனால ரெண்டா பிரிச்சு ஏத்தணும், ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடக்கணும்.

பெபின் ஏரில அலை, லா கிராஸ் பக்கம் ஈசல் மாதிரி மேஃப்ளை, ராத்திரி லைட்டைப் போட்டா டென்ட் முழுக்க அப்பிக்கும். விடிஞ்சு பாத்தா பாலத்து மேல குவியல் குவியலா கிடந்துச்சு. அந்த ஊர்ல எல்லாம் ஆத்தைப் பாத்த மாதிரி பார்க், படகுத்துறை, மீன் வறுக்கிற கடை, சாயங்காலம் ஆச்சுன்னா சனம் மொத்தமும் ஆத்தங்கரைல. கரைல இருந்து கை காட்டி எங்க போறீங்கன்னு கத்துவாங்க, கடலுக்குன்னு நாங்க கத்துவோம். ரிவர் ஏஞ்சல்னு சொல்லிக்கிற ஆளுங்க இருக்காங்க, ஆத்துல போறவங்களுக்கு சாப்பாடு போட்டு, துணி துவைக்க விட்டு, ஊருக்குள்ள கார்ல கூட்டிட்டுப் போவாங்க, ஒரு பைசா வாங்க மாட்டாங்க. அயோவால ஒரு அம்மா எங்களுக்கு மொட்டை மாடில இடம் குடுத்து, காலைல குக்கர் சத்தம் கேட்டு மேல வந்து ரசத்தை டம்ளர்ல வாங்கிக் குடிச்சாங்க. இன்னொரு டம்ளரும் கேட்டாங்க.

செயின்ட் லூயிஸுக்கு கொஞ்சம் மேல மிசௌரி வந்து சேருது, ஆறு அப்படியே காப்பி கலர் ஆயிடுது. அதுக்குக் கொஞ்சம் கீழ அணை, லாக் எல்லாம் முடிஞ்சு போச்சு, கடல் வரைக்கும் குறுக்க எதுவும் இல்ல. இல்லினாய்ஸ்ல இருக்கற கெய்ரோல ஓஹையோ ஆறு சேருது, அந்த இடத்துல ஓஹையோ கொண்டு வர்ற தண்ணிதான் அதிகம். "மாப்ள, இது ஆறாடா?"ன்னு முன்னாடி உக்காந்திருந்தவன் கேட்டான், எதிர்க்கரைல மரம் எல்லாம் ஒரு கோடா தெரியுது.

இங்க இருந்துதான் என் மனசு மாற ஆரம்பிச்சுது. வேகம் கிடைச்சுது, ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டர் சுலபமா போனோம், வெள்ளை மணல் திட்டு ஒவ்வொண்ணும் நம்ம கொள்ளிடம் மாதிரி பரந்து கிடக்கும், அங்கயே டென்ட். ஆனா ஊரு இல்ல. மனுஷங்க இல்ல. மேப்ல பாத்தா ரெண்டு மைல்ல ஊர் இருக்கு, படகுல இருந்து பாத்தா காடு, காட்டுக்குப் பின்னாடி லெவின்னு சொல்ற வெள்ளத்தடுப்புக் கரை, லெவிக்குப் பின்னாடிதான் ஊர். 1927ல வெள்ளம் வந்து 70,000 சதுர கிலோமீட்டர் முங்கிப்போச்சு, ஆறு லட்சம் பேருக்கு மேல வீடு போச்சு. கிரீன்வில்ல ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களை அந்தக் கரை மேலயே முகாம்ல நிறுத்தி வச்சு வேலை வாங்கினாங்க. அதுக்கப்புறம் 1928ல சட்டம் போட்டு கரையை எல்லாம் இன்னும் உசத்திட்டாங்க. பயந்தது நியாயம்தான், அதை நான் குறை சொல்ல முடியாது. ஆனா ஹெலினா பக்கம் தண்ணி வாங்க லெவி ஏறி இறங்கிப் போனப்போ ஒரு தாத்தா, 70 வயசு தாண்டினவரு, ஆத்துக்கு ஒரு மைல்ல பிறந்து வளர்ந்தவரு, இதுவரைக்கும் அதுல கால் நனைச்சதே இல்லைன்னாரு. நான் அன்னிக்கு ராத்திரி தூங்கல. "நம்ம ஊர்ல படி இருக்கு, தண்ணி இல்ல. இங்க தண்ணி இருக்கு, படி இல்ல"ன்னு இவன் இருட்டுல சொன்னான், நான் பதில் சொல்லல.

மெம்ஃபிஸ்ல மட்டும் ஆத்தங்கரை முழுக்க சரிவா கல்லு பதிச்சிருக்காங்க, நீராவிக் கப்பல் காலத்துல பருத்தி மூட்டை ஏத்தின துறை. அது மேல கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தோம்.

ஓல்ட் ரிவர்ங்கிற இடத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். லூசியானா எல்லைல மிசிசிப்பிக்கு இந்த வழியா போறதுல விருப்பம் இல்ல, மேற்க அட்சஃபாலயா வழியா போனா கடல் பாதி தூரம்தான், தண்ணி எப்பவும் சுருக்கு வழிதானே தேடும். அப்படி விட்டா பேட்டன் ரூஜ், நியூ ஆர்லியன்ஸ் ரெண்டும் சாக்கடை ஓரமாயிடும், அதனால 1963ல இருந்து கதவு வச்சு மிசிசிப்பியும் ரெட் ரிவரும் சேர்ந்த தண்ணில 30 சதவீதம் மட்டும் அந்தப் பக்கம் விடறாங்க. 1973 வெள்ளத்துல அந்தக் கட்டடத்தோட அடியையே தண்ணி அரிச்சு ஒரு பக்கச் சுவர் விழுந்துருச்சு. நாங்க இடது கரையை ஒட்டி, பேச்சே இல்லாம, அந்த வாய்க்கால் வாசலைத் தாண்டற வரைக்கும் துடுப்பைத் தண்ணில இருந்து எடுக்கல. பங்கீடு பத்தி சண்டை பாத்தே வளர்ந்தவனுக்கு ஒரு ஆத்தை சதவீதம் போட்டு பிரிக்கிறது புதுசு இல்ல, ஆனா ஆறு போக நினைச்ச இடத்துக்குப் போகவிடாம 60 வருஷமா பிடிச்சு வச்சிருக்கற இடத்தை நேர்ல பாக்கறப்போ நெஞ்சு அடைச்சுது.

பேட்டன் ரூஜ்ல இருந்து கடல் கப்பல்ங்க வந்துரும். ரெண்டு கரைலயும் ரசாயன ஆலை, ராத்திரி தீ எரியற குழாய்ங்க, ஒரு மாதிரி இனிப்பு நாத்தம். விஎச்எஃப் ரேடியோவை காதுல வச்சுக்கிட்டே போனோம். நியூ ஆர்லியன்ஸ்ல அல்ஜியர்ஸ் பாயின்ட்னு ஒரு வளைவு, அங்க ஆழம் 200 அடி பக்கம், கப்பலுக்கே சிக்னல் லைட் வச்சிருக்காங்க, விடியறதுக்குள்ள கரையோரமா தாண்டினோம். அன்னிக்கு லீவு விட்டுட்டு ஊருக்குள்ள நடந்து வந்தா, ஜாக்சன் சதுக்கத்துக்கு எதிர்ல கரை மேல ஏறி இறங்கினா, படி. நேரா தண்ணிக்குள்ள இறங்கற படி. ஒருத்தர் டிரம்பெட் வாசிக்கிறாரு, ஒரு பொண்ணு செருப்பைக் கழட்டி வச்சுட்டு கடைசிப் படில கால் நனைச்சுட்டு இருந்தா. 74 நாள் கழிச்சு பாக்கறேன். ரெண்டு பேரும் உக்காந்துட்டோம், மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல.

கடைசி ரோடு வெனிஸ்ல முடியுது. அதுக்குக் கீழ ஹெட் ஆஃப் பாஸஸ், ஆறு மூணா விரல் விட்ட மாதிரி பிரியற இடம், மைல் கணக்கு அங்கதான் பூஜ்யம். பெரிய கப்பல் போறது சவுத்வெஸ்ட் பாஸ், நாங்க சவுத் பாஸ் பிடிச்சோம். ரெண்டு பக்கமும் ஆளுயர நாணல், ஆரம்பிச்ச இடத்துல இருந்த கோரைப்புல்லு மாதிரியே. 2023ல நாலு பேர் ராத்திரி பகலா மாத்தி மாத்தி துடுப்பு போட்டு இந்த மொத்த ஆத்தையும் 17 நாளுக்குள்ள முடிச்சிருக்காங்க, எங்களுக்கு இது 79ஆவது நாள், அவசரமும் இல்ல.

ஆகஸ்ட் 20, காலை ஒம்போது மணி. கரை முடிஞ்சு போச்சு, முன்னாடி வெறும் தண்ணி. கையை விட்டு எடுத்து நாக்குல வச்சேன், உப்பு இல்ல. ஆத்துத் தண்ணி லேசு, கடல் மேல அப்படியே பரவிப் போகும், உப்புத் தண்ணி அதுக்கு அடில இருக்கும். எங்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போக வந்த மீன் படகு பின்னாடி நின்னு ஹார்ன் அடிச்சுது. "இன்னும் கொஞ்சம் போலாம்டா"ன்னான். போனோம். காப்பி கலர் போயி பச்சை வந்துச்சு, நடுவுல கோடு போட்ட மாதிரி நுரை. அதைத் தாண்டி அவன் ஒரு கை அள்ளிக் குடிச்சுட்டுத் திரும்பினான், முகத்தைச் சுளிச்சுக்கிட்டே சிரிச்சான்.