ஐந்து நூல் சிலிண்டர்

"யாரோ விவரம் தெரியாத ஆள் மாட்டி வெச்சதுங்க இது" என்று நான் சொன்னபோது, வண்டியின் சொந்தக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. என் கையிலிருந்த கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் சிலிண்டரை, வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா போட்டதுங்க" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. "அப்படிங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் வண்டிக்கு அடியில் போய்விட்டேன். இரண்டு வருடம் ஆகியும் அந்த "அப்படிங்களா" எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வண்டி 1967ஆம் வருடத்து எம்ஜிபி, இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். ரிவர்ஸ் போடும்போது பல் கடிக்கிற சத்தம் வருகிறது என்பதுதான் பொள்ளாச்சியிலிருந்து வந்த புகார். அந்த வண்டியில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ, அதாவது பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கித் தரும் அமைப்பு, கிடையாது. கிளட்ச் முழுதாக விலகவில்லை என்றால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கியர்தான். அந்த ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளி விலக்கும் கீழ்ச் சிலிண்டரான ஸ்லேவின் ரப்பர் உறையை விரலால் நீக்கியதும் கறுத்துப்போன பிரேக் ஆயில் மணிக்கட்டு வரை வழிந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் அந்த ஈரம் அடியில் தங்கி வார்ப்பிரும்பை அரித்துவிடும். சிலிண்டரின் உள்துளையான போரில் நகம் மாட்டுகிற அளவுக்குத் துருக்குழிகள் இருந்ததால், ஹோனிங் செய்து, அதாவது உள்சுவரைத் தேய்த்துச் சமப்படுத்தி, ரப்பர் கிட் போட்டால் புது ரப்பரையும் நாலு மாதத்தில் அந்தக் குழிகள் தின்றுவிடும் என்று சொல்லிப் புது ஸ்லேவ் வரவழைத்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

சந்தேகம் மாஸ்டர் சிலிண்டரில்தான். அந்த வண்டிக்கு உரியது முக்கால் அங்குல போர். இதில் இருந்ததோ ஏதோ உள்ளூர் வண்டிக்கான 5/8 அங்குலச் சிலிண்டர். போல்ட் துளைகளை அரத்தால் நீட்டிப் பொருத்தியிருந்தார்கள். நம் ஊர் லேத்துப் பட்டறைக் கணக்கில், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல் என்று சொன்னால், ஆறு நூல் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து நூல். கீழே ஸ்லேவ் ஒன்றேகால் அங்குலம், அதாவது பத்து நூல். விட்டத்தின் வர்க்கப்படிதான் தூரம் வரும் என்பதால், மாஸ்டரின் தண்டு 30 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஆறு நூலுக்கு ஸ்லேவ் 10.8 மில்லிமீட்டர் தள்ளும். ஐந்து நூலுக்கு 7.5 மட்டுமே தள்ளும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, கிளட்ச் விலகாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நம்பினேன். நம்பாமல் இருக்க முடியாத கணக்கு அது.

ஆனால் அதே கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு. போர் சிறியதாக இருந்தால் மிதிக்கும் பாரமும் குறையும். ஐந்து நூலிலிருந்து ஆறு நூலுக்குப் போனால் காலுக்கு 44 சதவீதம் கூடுதல் பாரம். "மிதிக்கக் கனமா இருக்குமுங்களா?" என்று அவர் கேட்டபோது, "ரெண்டு நாள்ல பழகீருமுங்க" என்றேன். வண்டியை எடுக்க வந்த அன்றுதான், கேளாமலே சொன்னார்: அவருடைய அப்பாவுக்குக் கடைசி வருடங்களில் இடது முட்டி ஆகாதாம், ஆனாலும் வால்பாறைக்குப் போவதென்றால் நாற்பது வளைவையும் இந்த வண்டியில்தான் ஏறுவாராம். ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை மிதித்துக் கியர் மாற்ற வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான், கழற்றிய அன்றே பார்த்தும் பொருட்படுத்தாத ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தச் சிலிண்டரின் தண்டைச் சரியான நீளத்துக்கு வெட்டி, நுனியில் மரை போட்டு, லாக் நட்டும் வைத்திருந்தார்கள். மரை அவ்வளவு சுத்தமாக இருந்தது. துளையை அரத்தால் நீட்டியதைப் பார்த்து ஆளை எடைபோட்ட நான், அந்த மரையை மனதில் வாங்கியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். விவரம் தெரியாதவர் செய்த வேலை இல்லை அது. பாரத்தைக் குறைக்கத் தூரத்தை விட்டுக்கொடுத்த ஒருவரின் வேலை.

அதற்காக நான் செய்தது தவறு என்று சொல்லவும் மனம் வரவில்லை. வண்டிக்கு உரிய அளவைப் போட்டேன். கியர் இன்று வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுகிறது. ஆனால் அன்றைக்கு நான் மாற்றியது சிலிண்டர்களை மட்டும் அல்ல. பெடல் பக்கத்து இணைப்புப் பின்னும், ஸ்லேவ் தள்ளும் கவையான ஃபோர்க் பக்கத்துப் பின்னும் தேய்ந்து நடுவில் இடுப்பு விழுந்திருந்தன, அவற்றையும் மாற்றினேன். பெடல் பக்கம் 3 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் ஐந்து நூல் மாஸ்டரில் கீழே முக்கால் மில்லிமீட்டர்தான் போகும்.   ஆக 7.5இல் மிஞ்சியது ஆறேமுக்கால். பின்களையும் கசிந்த ஸ்லேவையும் மட்டும் மாற்றி, அப்பா போட்ட மாஸ்டருக்குப் புது ரப்பர் மாட்டி, ரிவர்ஸ் போட்டுப் பார்த்திருந்தால் அந்த 7.5 போதுமா போதாதா என்று தெரிந்திருக்கும். அவர் அப்பா அத்தனை வருடம் அதில் மலை ஏறியிருக்கிறார் என்றால் போதும் என்றுதான் தோன்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதால் எது நோய், எது மருந்து என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. இரண்டு முறை வண்டியைப் பிரித்தால் இரண்டு கூலி ஆகுமே என்று அன்று நினைத்தேன். அவருக்காக நினைத்தேனா, என் வேலை சுருக்கமாக முடியட்டும் என்று நினைத்தேனா என்பது இப்போது சரியாகத் தெரியவில்லை.

பழைய சிலிண்டரைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தபோது, "உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க" என்று அவர் வைத்துவிட்டுப் போனார். போன முறை ஆயில் மாற்ற வண்டி வந்தபோது அவருடைய மகன்தான் ஓட்டி வந்தான். அவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். பெடலைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பிரேக் ஆயில் மட்டம் குறைகிறதா என்று கேட்டேன்.

அவர்கள் போன பிறகு சிலிண்டரைப் பிரித்தேன். போர் சுத்தமாக இருந்தது, ஒரு குழி இல்லை. கிட் வாங்கி மாட்டி, இரண்டு முனையையும் அடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது அதைப் பொருத்தி, ஆயிலில் உள்ள ஏர் எடுத்து, ஃபோர்க் எவ்வளவு நகர்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து பார்க்கலாம். அவரிடம் இன்னும் கேட்கவில்லை.