அறுந்த நரம்பு

அக்டோபர் 3

ஆற்று வாயை அடைத்திருந்த மணல்திட்டு, பொழி, திறந்து ஆறு கடலுக்குள் ஓடுகிறது. திருவனந்தபுரத்திலிருந்து தகவல் இல்லை.

அக்டோபர் 4

நேற்றிரவு பூவாறு பொழியில் ஒன்று அடித்தது. கடல் இறங்கும் வற்றம் தொடங்கிய நேரம். நெய்யாற்றுத் தண்ணீர் குப்பையும் கலங்கலுமாகக் கடலை நோக்கி இழுத்தது. உயிர் மடவை மீனைத் தூண்டில் முள்ளில் முதுகில் கோத்து ஓட்டத்தோடு விட்டிருந்தேன். கனத்த இழுப்பு. நின்று தலையை உதறியது. பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பி ஓடியது. பத்து எண்ணுவதற்குள் தூண்டில் நரம்பு லேசாகிவிட்டது. 20 கிலோ தாங்கும் நரம்பு! சுற்றிலும் மணல்தான், உரசி அறுபடக் கல்லே இல்லை.

எது அது? விடியும்வரை இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். வேறொன்றை நினைக்காமல் இருந்ததே பெரிய உபகாரம்.

அக்டோபர் 5

பல்லால் அறுப்பவை என்றால் சீலா, நெய்மீன். சந்தையில் இரண்டையும் ஒன்றாக்கி விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சீலாவுக்கு முதுகுத் துடுப்புகள் இரண்டும் எட்ட எட்ட நிற்கும், கீழ்த்தாடை துருத்திக்கொண்டிருக்கும். நெய்மீனுக்கு அவை அடுத்தடுத்து வரும். அதன்பின் வால்வரை குட்டித் துடுப்புகளின் வரிசை. மேனியில் குறுக்கு வரிகள் இருந்து, பக்கவாட்டுக் கோடு இரண்டாம் துடுப்பு முடிகிற இடத்தில் சட்டென்று கீழே இறங்கினால் பெரிய வகை. புள்ளி போட்டது வேறு வகை.

ஆனால் கலங்கிய ஆற்று வாயில், இரவில், நெய்மீனா? மனம் ஒப்பவில்லை. சீலா என்றால் அம்பு போலப் பாய்ந்திருக்கும். இது நின்று தலையை உதறியது.

அப்பாவுக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது.

அக்டோபர் 6

தகவல் இல்லை.

அக்டோபர் 8

பல் அறுக்காதபடி நரம்பு நுனியில் கம்பி கட்டிப் போட்டேன். பாறை ஒன்று, இரண்டு கிலோ இருக்கும். வாலை நோக்கிப் போகும் பக்கக் கோட்டில் வரிசையாகக் கெட்டித் தகடுகள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே பாறை என்று சொல்லிவிடலாம். அப்பா அப்படித்தான் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு. குழம்பின் மணத்தை மட்டும் முகர்ந்தார். நான் சாப்பிடவில்லை.

அக்டோபர் 9

அறுந்த நுனியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்று அப்பா கேட்டு வாங்கினார். நகத்தால் நெருடிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். குரல் காற்றாகத்தான் வருகிறது. காதை அருகே கொண்டுபோனேன்.

"பல் பட்டால் கத்தி வெட்டியது போல இருக்கும், மக்களே. இதைப் பார். ஒரு சாண் நீளத்துக்குச் சொரசொரப்பு, அப்புறம்தான் அறுப்பு. செவிள் மூடி. கொடுவா."

பூவாற்றுக்காரர்களின் காளாஞ்சி. அதன் செவிள் மூடி விளிம்பு என் உள்ளங்கையையே ஒருமுறை கிழித்திருக்கிறது, எப்படி மறந்தேன்? முட்டையிட உப்புத் தண்ணீர் தேடி ஆற்று வாய்க்கு வருகிற மீன். ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுவது. அந்தக் கனத்துக்கு அது பெண்ணாகத்தான் இருக்கும். முள் இன்னும் அதன் வாயில் இருக்குமோ?

கம்பி கட்டினால் தொடாது என்கிறார் அப்பா. ஒரு முழத்துக்குத் தடித்த நரம்பு முடிய வேண்டும்.

இவ்வளவு பேசியதில் அவருக்கு இருமல் நிற்கவில்லை. நான் கேட்டிருக்கவே கூடாது.

அக்டோபர் 10

அமாவாசை. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. இன்று அந்தக் கொஞ்சமே பொழியில் இரைகிறது. மடவைக் கூட்டம் கரையோரம் சிதறித் துள்ளியது. டார்ச் அடித்தேன். தணல் போல இரண்டு கண்கள். உடனே அணைத்துவிட்டேன்.

தொடவில்லை. மூன்று மணிவரை நின்றேன்.

அக்டோபர் 11

அம்மா ஏசினாள். வீட்டில் ஓர் ஆள் இரவில் இருக்க வேண்டாமா என்றாள். நியாயம்தான். அப்பா மட்டும் விரலை அசைத்து, போ என்றார்.

அக்டோபர் 12

மாலை ஐந்தரைக்கு அழைப்பு வந்தது. நாளை காலை ஒன்பது மணிக்கு, வீட்டுப் பெரியவர் ஒருவரும் கூட வர வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன், நேரில் சொல்கிறோம் என்றார்கள். நீரோடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் போய்விடலாம். மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

தடித்த நரம்பு முடிந்தாயிற்று. வாளியில் மடவை இரண்டு உயிரோடு இருக்கின்றன, தண்ணீர் மாற்ற வேண்டும்.