தண்ணீர்மலைப் பூங்காவில் எண்ணிப் பழகும் பிள்ளைகள்

தண்ணீர்மலைப் பூங்கா எனப்படும் பினாங்கு தாவரவியல் பூங்காவுக்கு எங்கள் குடியிருப்பின் பாலர் பள்ளி, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சனிக்கிழமைக் காலையில் கூட்டிப் போய் வருகிறேன். 1884-இல் தொடங்கிய பூங்கா என்பதால் பெரிய மரங்கள், நல்ல நிழல்.

ஆளுக்கொரு காலி முட்டைப் பெட்டி கொடுப்பேன், பத்து முட்டை வைக்கிற வகை. ஒரு குழிக்கு ஒரு பொருள், அவ்வளவுதான் விதி. வாயால் ‘ஒன்னு, ரெண்டு’ என்று கடகடவென ஒப்பிக்கும் பிள்ளை, விரலை ஒரே விதையின் மேல் இரண்டு தடவை வைத்துவிடும். குழியில் போட்டு எண்ணும்போது அப்படி ஆவதில்லை. ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை இருப்பதால், ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்று கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. “பத்தாக இன்னும் எத்தனை வேணும்?” என்றால் காலிக் குழிகளைப் பார்த்து உடனே “மூனு, ஆன்ட்டி!”

நாகலிங்க மரத்தடியில்தான் அதிக நேரம் போகிறது. பூக்கள் அடிமரத்திலேயே கொத்தாகத் தொங்கும். பறிக்கக் கூடாது, விழுந்ததை மட்டும் எடுக்கலாம். அதற்கு இதழ் ஆறு. இட்லிப்பூவுக்கு நாலு, செம்பருத்திக்கு ஐந்து. மூன்றையும் வரிசையாக வைத்ததும் ஒரு சிறுமி, “ஏழு இதழ் பூ எங்க இருக்கு?” என்று கேட்டாள். கிளம்பிவிட்டது கூட்டம். ஏழு கிடைக்கவில்லை, வழியில் கண்ட பூவையெல்லாம் எண்ணித் தீர்த்தார்கள். தேடுவதற்கு ஒன்று இருந்தால் எண்ணச் சொல்லவே வேண்டியதில்லை.

குரங்குகளை எண்ணுவது வேறு கதை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் கிளைக்குக் கிளை தாவும். அதனால் தாளில் ஒரு குரங்குக்கு ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே போட வைக்கிறேன். (நீளவால் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறித்துவிடும். தின்பண்டத்தைக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.) ஒரு தாய் லோத்தோங்கின் வயிற்றோடு பொன்னிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. “இது ஒன்னா, ரெண்டா?” என்று ஒரு பையன் கேட்க, பெரிய வாக்குவாதம். கடைசியில் பெரியதுக்கு ஒரு பத்தி, குட்டிக்கு ஒரு பத்தி என்று அவர்களே தாளைப் பிரித்துக்கொண்டார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்து தூங்குமூஞ்சி மரம். அதன் சிற்றிலைகள் சோடி சோடியாக இருக்கும். இரண்டிரண்டாக எண்ணிப் பழக, கீழே விழுந்த ஓர் இலைக்காம்பு போதும்.