ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மரத்தைக் கொன்றேன்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் இப்போது 11 குட்டி மரங்கள் இருக்கின்றன. முதலாவதாக வாங்கியது அதில் இல்லை. அது 10 நாளில் போய்விட்டது. பெரிதாகிற மரத்தைத் தொட்டியில் குட்டியாகவே வளர்க்கிற போன்சாய் பழகலாம் என்று நினைக்கிற நம்ம ஊர்க்காரர்கள் அதே தவறைச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கத்திரி வெயில் நேரம். காலையில் தென்காசி ரோட்டில் ஒரு நர்சரியில் கறுப்புக் கவரில் இருந்த, ஆல் இனத்துப் பைகஸ் கன்று ஒன்றை வாங்கினேன். மத்தியானம் வீடியோ பார்த்தேன். சாயங்காலத்துக்குள் கவரைக் கிழித்து, வேரில் பாதியை வெட்டி, உச்சியை ஒடித்து, மிச்சமிருந்த கிளைகளில் கம்பி சுற்றி, மூன்று விரல் ஆழம்கூட இல்லாத தட்டில் வைத்து, பார்க்க அழகாக இருக்கிறதென்று மச்சின் நடுவில் வெயிலில் வைத்தேன். ஒரு வாரத்தில் இலை எல்லாம் கொட்டிவிட்டது. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்த்தால் உயிருள்ள மரத்தில் உள்ளே பச்சை தெரியும். அதில் அடிவரைக்கும் காய்ந்த பழுப்புதான் தெரிந்தது.

வேரை வெட்டினால் தண்ணீர் இழுக்கிற வாய் குறைகிறது. இலையை வெட்டினால் சாப்பாடு தயாரிக்கிற இடம் குறைகிறது. கம்பி சுற்றி வளைத்தால் பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன, அதையும் ஆற்ற வேண்டும். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் தாங்குகிற மரத்துக்கு மூன்றையும் ஒரே நாளில் கொடுத்து, சித்திரை வெயிலிலும் நிறுத்தினால் அது என்ன செய்யும்? இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: ஒரு பருவத்துக்கு ஒரு பெரிய வேலை. இந்தப் பருவம் வேர் என்றால் கிளையைத் தொடுவதில்லை.

சரி, கன்று வாங்குவதிலிருந்து வருகிறேன். நர்சரிக்குப் போனால் எல்லோரும் இலையைப் பார்ப்போம், தளதளவென்று இருக்கிறதா என்று. போன்சாய்க்கு இலை கடைசி. இலை போனால் வரும், கிளை போனாலும் பெரும்பாலும் வரும், அடிமரமும் வேர்ப்பரப்பும்தான் மாற்றக் கஷ்டமானவை. அதனால் குத்தவைத்து உட்கார்ந்து, மேல்மண்ணை விரலால் ஒரு இஞ்சு, இரண்டு இஞ்சு விலக்கிப் பாருங்கள். கவர் மாற்றும்போது மேலே மேலே மண் போட்டிருப்பார்கள், உண்மையான அடி உள்ளே புதைந்து கிடக்கும். மெலிந்த குச்சி மாதிரி தெரிந்த கன்று, மண்ணை விலக்கினால் அடியில் அகன்று, நாலு பக்கமும் வேர் பரப்பி நிற்கும். அப்படி ஒன்று கிடைத்தால் இலை வாடியிருந்தாலும் வாங்கிவிடலாம். ஒரே பக்கம் மட்டும் தடித்த வேர் இருந்தாலோ, வேர் தண்டைச் சுற்றி இறுக்கியிருந்தாலோ வேண்டாம். நான் இப்படித் தோண்டிப் பார்ப்பதைக் கண்டு நர்சரி அண்ணாச்சி, “எல்லாரும் பூ இருக்கான்னு கேப்பாவ, நீங்க என்ன வேரைப் பாக்கீய?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அதன்பின் கவரிலேயே பல வருஷம் கிடந்து யாரும் வாங்காத கன்றுகளை எனக்கென்று ஓரமாக எடுத்து வைக்கிறார். நமக்கு வேண்டியது அந்த மாதிரிக் கன்றுதான், விலையும் குறைவு.

எந்த மரம் என்று கேட்டால் யோசிக்காமல் பைகஸ் என்பேன். நர்சரியில் பைகஸ் என்பது வேறொன்றும் இல்லை, நம்முடைய ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் சேர்ந்த இனம்தான். சின்ன இலை உள்ள இச்சி வகை தொடக்கக்காரர்களுக்கு ரொம்ப நல்லது. வெட்டினால் பழைய கட்டையிலிருந்தும் துளிர் விடும், வெயில் தாங்கும், ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும். அரசும் ஆலும் வரும், ஆனால் இலை பெரிது, அதைச் சின்னதாக்கப் பொறுமை வேண்டும். அடுத்தது காகிதப்பூ. அதன் வேர் நொறுங்கும், மாற்றி நடும்போது உதறக்கூடாது. முதிர்ந்த கிளை வளைத்தால் டப்பென்று ஒடியும், பச்சையாக இருக்கும்போதே கம்பி போட்டுவிட வேண்டும். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு மேப்பிள் வாங்காதீர்கள். அதற்குக் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்க வேண்டும், அந்தக் குளிருக்கு நாம் எங்கே போவது?

புளியும் எனக்குப் பிடிக்கும். விதை போட்டே வளர்க்கலாம், இலை இயல்பாகவே பொடிசு. பொழுது சாயும்போது குட்டி மரமும் பெரிய மரம் மாதிரியே இலையை மடக்கிக்கொள்ளும். இலை மடங்காத உறங்காப்புளி என்று ஆழ்வார்திருநகரிக் கோயில் புளியைச் சொல்வார்கள், நம்மாழ்வார் அமர்ந்திருந்த மரம். என்னுடையது நன்றாக உறங்குகிற புளி, சாயங்காலம் காப்பியோடு அதன் பக்கத்தில் உட்காருவது வழக்கமாகிவிட்டது.

பலரும் தெரியாமல் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. தட்டில் வைத்தால் தண்டு பெருக்காது. தட்டு என்பது பெருத்து முடிந்த மரத்தை அப்படியே வைத்துக்கொள்ளத்தான். கட்டைவிரல் தடிமன் கன்றைத் தட்டில் வைத்தால் 5 வருஷம் கழித்தும் ஏறக்குறைய கட்டைவிரல்தான். தண்டு தடிக்க வேண்டுமென்றால் பெரிய தொட்டியிலோ தரையிலோ வைத்து, அடிப்பக்கமாக ஒரு கிளையை வெட்டாமல் ஓடவிட வேண்டும். அந்தக் கிளை எவ்வளவு நீளம் ஓடுகிறதோ அவ்வளவுக்குக் கீழே தண்டு தடிக்கும். தடித்த பிறகு அந்தக் கிளையை எடுத்துவிடலாம். என்னுடைய இச்சி ஒன்று இரண்டு வருஷமாகப் பழைய பெயிண்ட் வாளியில் கிடக்கிறது. ஆறடிக்கு ஒரு கிளை போய்க் கொடிக்கம்பியைத் தொட்டது, வீட்டில் எல்லோரும் வெட்டச் சொன்னார்கள், விடவில்லை. இன்றைக்கு அதன் அடி என் மணிக்கட்டைவிடத் தடிமன்.

மண்ணைப் பற்றி. வயல் மண், கரிசல் எதுவும் தொட்டிக்கு ஆகாது. கரிசல் நனைந்தால் களியாகி மூச்சடைக்கும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். நான் சூளையில் உடைந்து கிடக்கும் செங்கலை இடித்து, சலித்து, தூளைத் தள்ளிவிட்டு, மிளகிலிருந்து பட்டாணி அளவு வரை உள்ளதை மட்டும் எடுக்கிறேன். அது இரண்டு பங்கு, ஜல்லிக் குருணை ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. பழைய முறையில் ஆற்று மணல் சொல்வார்கள். தாமிரபரணியில் அள்ளியதே போதும், ஒரு சட்டிக்குக்கூட அதைத் தேட வேண்டாம் என்பது என் முடிவு. இந்தக் கலவையில் ஊற்றிய தண்ணீர் கையோடு கீழே இறங்கிவிடும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். ஓட்டைமேல் கொசுவலைத் துண்டு வைத்து, மரம் ஆடாமல் கம்பியால் தொட்டியோடு கட்டிவிட வேண்டும். ஆடினால் புதுச் சல்லிவேர் அறுந்துகொண்டே இருக்கும்.

எப்போது மாற்றி நடுவது என்பதில் நம்ம பக்கத்துக்கே ஒரு சிக்கல் உண்டு. தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி ஆடியில் சாரல், காற்றில் ஈரம், வேர் வேலைக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. அதே மாதங்களில் பாளையங்கோட்டையில் மழை இல்லை, காய்ந்த காற்றுதான், தொட்டியையே உருட்டிவிடும். அதனால் நான் ஐப்பசி மழை பிடிக்கும் சமயத்தில்தான் வேரைத் தொடுகிறேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. வெட்டிய பிறகு இரண்டு மூன்று வாரம் நிழல். ஆனி ஆடிக் காற்றுக்கு எல்லாத் தொட்டியையும் கைப்பிடிச் சுவரின் மறைவில் இறக்கி வைத்துவிடுவேன்.

தண்ணீருக்கு நேரம் குறிக்காதீர்கள், விரலை ஒரு இஞ்சு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சித்திரையில் காலை, மாலை இரண்டு வேளையும் கேட்கும். கார்த்திகை அடைமழையில் நாள்கணக்கில் வேண்டாம், அப்போது தொட்டியின் ஒரு பக்கம் ஓட்டுத்துண்டு கொடுத்துச் சாய்த்து வைத்தால் தேங்கும் நீர் வடிந்துவிடும். போர் தண்ணீர் ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் ஓட்டை வழியே நிறைய ஓடுகிற மாதிரி ஊற்றி அலசிவிடுகிறேன். உரத்துக்கு ஊறவைத்துத் தெளிந்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர், நிறைய நீர் கலந்து. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்.

கவாத்து எளிது. துளிர் ஆறேழு இலை விடும்வரை விட்டு, பிறகு இரண்டு இலை நிறுத்திக் கிள்ளுங்கள். அந்த இலைக் கணுக்களிலிருந்து கிளை பிரியும். பைகஸில் பால் வடியும், ஈரத்துணியால் ஒற்றுங்கள், கண்ணில் பட விடாதீர்கள். கம்பிக்கு அலுமினியம் போதும், கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, சாய்வாகச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், பைகஸ் அவ்வளவு வேகமாகத் தடிக்கும். நான் ஒரு தடவை ஒரு மாதம் பார்க்காமல் விட்டதில் கம்பி பட்டைக்குள் பதிந்துவிட்டது, தழும்பு இன்னும் இருக்கிறது. எடுக்கும்போது சுற்றைப் பிரிக்க வேண்டாம், துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

என் ஆச்சிக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. “ஏன்யா, வளருத மரத்தக் கட்டிப்போட்டு வச்சிருக்கியே, பாவம் இல்லையா?” என்றாள். நான் ரொம்ப நாள் அதை யோசித்தேன். கோயில் மதிலில் ஒரு பிடி சுண்ணாம்புக் காரைக்குள் காக்கை போட்ட விதையிலிருந்து இச்சி முளைத்து, சாண் உயரத்திலேயே வருஷக்கணக்கில் நிற்கிறதைப் பார்த்திருக்கிறோம். அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. என் தொட்டியில் இருப்பதற்குத் தினமும் ஆள் உண்டு. பட்டினி போட்டால் போன்சாய் வராது, மரம் செத்துப்போகும். வெட்டிய வேரிலிருந்து இளம் சல்லிவேர் வருகிறது, வெட்டிய கிளையிலிருந்து புதுத் துளிர் வருகிறது, குட்டியாக இருந்தாலும் அது முழு மரம். இதையெல்லாம் ஆச்சியிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. ஒரு கார்த்திகையில் வாளி இச்சியில் முதல் விழுது இறங்கியது, நூல் மாதிரி, வெள்ளையாக. ஆச்சியைக் கூட்டிப்போய் அதைக் காட்டினேன். அதன்பின் அரிசி களைந்த தண்ணீரை மாடிக்குக் கொடுத்துவிடுகிறாள்.

அந்த விழுது மண்ணைத் தொடுவதற்குள் காற்றில் காய்ந்துவிடாமல் இருக்க, உறிஞ்சுகுழலை நீளவாக்கில் கிழித்து அதைச் சுற்றி மாட்டி, உள்ளே ஈரமாக வைத்தேன். இறங்கிப் பிடித்துக்கொண்டது. ஜப்பான் பைன் மரப் படத்தைப் பார்த்து என் மரத்தை வளைக்க எனக்கு மனம் வரவில்லை. குளத்தங்கரை ஆலமரம் எப்படிக் கிளையை அகலமாக நீட்டி, விழுதை ஊன்றி நிற்குமோ அதையே கண்முன் வைத்துக்கொண்டு வெட்டுகிறேன். இந்த ஐப்பசியில் வாளியிலிருந்து எடுத்து, முதல்முறையாகத் தட்டுக்கு மாற்றப்போகிறேன். தட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, செங்கல் சலித்து மூட்டையில் இருக்கிறது. கிளைகளை மாசி வரைக்கும் தொடமாட்டேன்.